பெரிய மிருகத்துக்கு அம்பு எப்படி வேலை செய்யுது: எடை, முனை, கூர்மை பத்தி ஆரம்பத்துலேர்ந்து

போன ஆகஸ்ட்ல, கொலராடோவுல நான் வழக்கமா போற வில் பயிற்சி மைதானத்துக்கு ஒரு தம்பி வந்தான், மதுரைப் பக்கம் சொந்த ஊரு, புதுசா காம்பவுண்ட் வில் வாங்கியிருந்தான், அதாவது ரெண்டு நுனியிலயும் கிணத்துக் கப்பி மாதிரி சக்கரம் வெச்ச வில். நான் தமிழ்னு தெரிஞ்சதும் பக்கத்துல வந்து கேட்ட முதல் கேள்வியே, "அண்ணா, இது செகண்டுக்கு 310 அடி போகுதாம், எல்க்குக்கு இந்த பவர் போதும்ல?"ன்னுதான். எல்க்னா இங்க ராக்கி மலைக்காட்டுல இருக்குற பெரிய மான், வளர்ந்த கடா கிட்டத்தட்ட 300 கிலோ வரும்.

போதும்னும் சொல்ல முடியல, போதாதுன்னும் சொல்ல முடியல, ஏன்னா கேள்வியே தப்பான இடத்துலேர்ந்து ஆரம்பிக்குது. தம்பியைக் குத்தம் சொல்ல மாட்டேன், கடையில விக்கிறவங்கள்ல பாதிப் பேரு அப்படித்தான் பேசுறாங்க, நானும் முதல் வருஷம் அப்படித்தான் யோசிச்சேன், அதுக்கு ஒரு மிருகம் விலை கொடுத்துச்சு, அதைக் கீழ சொல்றேன். அன்னிக்கு அவன்கிட்ட ஒரு மணி நேரம் பேசினதைத்தான் இங்க நிதானமா எழுதுறேன்.

ஒரு விஷயம் முதல்லயே. இந்தியாவுல 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குத்தம், அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. நான் எழுதுறது லைசென்ஸ், சீசன், பயிற்சி வகுப்புன்னு எல்லாத்தையும் வெச்சு அரசாங்கமே வேட்டையை நடத்துற அமெரிக்கா மாதிரி இடத்துல இருக்குறவங்களுக்கு. இங்க கொலராடோவுல 1949 ஜனவரி 1 அன்னிக்கோ அதுக்கு அப்புறமோ பிறந்தவங்க பொதுவா வேட்டைப் பயிற்சி வகுப்பு முடிச்சாத்தான் லைசென்ஸே வாங்க முடியும்.

குண்டு செய்ற வேலை வேற, அம்பு செய்ற வேலை வேற

எல்க் வேட்டைக்கு சாதாரணமா எடுத்துட்டுப் போற ரைபிள் குண்டுல 2,800 அடி-பவுண்டு பக்கம் எனர்ஜி இருக்கும் (ஒரு பவுண்டு எடையை ஒரு அடி உயரம் தூக்குற சக்திதான் ஒரு அடி-பவுண்டு). 70 பவுண்டு (நாணை இழுக்கத் தேவையான விசையை வெச்சு சொல்ற அளவு) காம்பவுண்ட் வில்லுலேர்ந்து போற அம்புல எவ்வளவுன்னு பார்த்தா 70, 75தான் வரும். கிட்டத்தட்ட நாப்பதுல ஒரு பங்கு. அப்போ அம்பு எப்படி ஒரு 300 கிலோ மிருகத்தை சாய்க்குது?

சமையல்கட்டுல பாருங்க. தேங்காயை உடைக்க அருவா முதுகால ஓங்கி ஒரு போடு போடுறோம், அது அடி. அதே தேங்காய்ச் சில்லை அரிவாள்மனையில வெச்சு பல்லு பல்லா நறுக்கும்போது யாரும் ஓங்கி அடிக்கிறதில்ல, லேசா அழுத்தினாலே துண்டு விழுது, ஏன்னா அங்க வேலை செய்றது கூர்மை. குண்டு வேகத்தால சுத்தி இருக்குற சதையைச் சிதைச்சுக்கிட்டே போகும். அம்பு அறுக்கும், அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். ரெண்டு நுரையீரல் வழியாவும் அறுத்துட்டு வெளிய போச்சுன்னா ரத்த அழுத்தம் சட்டுனு விழுந்து சில நொடியில மிருகம் மயங்கிடும், பல சமயம் தனக்கு என்ன நடந்துச்சுன்னு தெரியாம நாலு அடி எடுத்து வெச்சு நின்னு, அப்படியே சாயும்.

அதனால அம்பு விஷயத்துல கேக்க வேண்டிய கேள்வி ரெண்டு. அறுக்குதா? உள்ள போய் மறுபக்கம் வெளிய வருதா? வெளிய வர்றது ஏன் முக்கியம்னா, ரெண்டு ஓட்டை இருந்தா, அதுவும் ஒண்ணு கீழ்ப்பக்கமா இருந்தா, ரத்தம் தரையில விழும், அந்தத் தடத்தை வெச்சுத்தான் மிருகத்தைக் கண்டுபிடிக்கணும். ஓட்டை ஒண்ணே ஒண்ணு, அதுவும் மேல இருந்துச்சுன்னா ரத்தம் உள்ளயே தேங்கிடும், நூறு கஜம் தள்ளி புதர்ல விழுந்து கிடக்குறதைத் தேடி ராத்திரி முழுக்க டார்ச்சோட அலையணும்.

இதுவரைக்கும் சுருக்கமா: அம்புக்கு அடிக்கிற பவர் கிடையாது, அது நீளமான காம்பு போட்ட கத்தி. அந்தக் கத்தி மிருகத்துக்குள்ள முழுசா போய் வெளிய வரணும், மத்த எல்லா முடிவும் இதுலேர்ந்துதான்.

வேகமா, எடையா

இங்கதான் குழப்பம் அதிகம். அம்பு எடையை கிரெய்ன்னு ஒரு அளவுல சொல்லுவாங்க, 7,000 கிரெய்ன் ஒரு பவுண்டு, நம்ம கணக்குக்கு ஒரு கிராம்ல பதினஞ்சரை கிரெய்ன் பக்கம். லேசான அம்பு வேகமா போகும், கனமான அம்பு மெதுவா போகும். ஒரே வில்லுல 450 கிரெய்ன் அம்பு செகண்டுக்கு 270 அடி போச்சுன்னா 650 கிரெய்ன் அம்பு 230 அடி கிட்ட போகும். எனர்ஜியைக் கணக்கு பண்ணிப் பார்த்தா ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, 73க்கு 76. ஆனா மொமென்டம், அதாவது எடையை வேகத்தால பெருக்கினா வர்ற உந்தம், இருபது சதவீதத்துக்கு மேல கூடுது.

சரி, அந்த உந்தம் எதுக்கு உதவுது? தண்ணித் தொட்டிக்குள்ள கையை மெதுவா விடுங்க, தண்ணி வழி விடும். அதே கையை ஓங்கி அடிங்க, தண்ணி கல்லு மாதிரி திருப்பி அடிக்கும். வேகம் கூடக் கூட தடுக்குற சக்தியும் கூடுது. உடம்புச் சதையில பெரும்பகுதி தண்ணிதான், அதுக்குள்ள போற அம்புக்கும் கிட்டத்தட்ட இதே கதை. லேசான அம்பு வேகமா நுழையும், அதனாலயே அதிகத் தடுப்பைச் சந்திக்கும், எடை கம்மிங்கிறதால சீக்கிரமா நின்னுடும். கனமான அம்பு நிதானமா நுழையும், தடுப்பு கம்மி, அதோட நிறுத்துறதும் கஷ்டம். சைக்கிளையும் லோடு ஏத்தின மாட்டு வண்டியையும் ஒரே வேகத்துல உருட்டி விட்டுட்டு கையால நிறுத்திப் பார்த்தா தெரியும்.

இந்த விஷயத்தை ரொம்ப வருஷம் உக்காந்து சோதிச்சவர் டாக்டர் எட் ஆஷ்பி. 1980கள்ல தென்னாப்பிரிக்காவுல நட்டால் பகுதியில ஆரம்பிச்சு, அப்புறம் ஆஸ்திரேலியாவுல காட்டெருமை வரைக்கும், நிஜ மிருக உடம்புல அம்பு எவ்வளவு தூரம் போகுது, எங்க உடையுதுன்னு ஒவ்வொண்ணா எழுதி வெச்சாரு. கனமான எலும்பைத் தாண்டணும்னா அம்பு 650 கிரெய்னைத் தொடணும்ங்கிற பேச்சு அவர்கிட்டேர்ந்துதான் வந்துச்சு. இதைப் படிச்சுட்டு முயல் மாதிரி இருக்குற மானுக்கும் 650 வேணும்னு சிலர் அடம் பிடிக்கிறாங்க, அது தேவையில்லைங்கிறது என் கருத்து. அவர் சோதிச்சது பெரிய எலும்பு, மோசமான இடத்துல பட்டாலும் போகுமாங்கிற கேள்வி. இருந்தாலும் அந்தக் கேள்வியை யாரும் அசட்டை பண்ணக் கூடாது, ஏன்னா நாம எல்லாரும் ஒரு நாள் மோசமான இடத்துல விடுவோம்.

எடை கூடினா நஷ்டமும் இருக்கு, மறைக்க வேண்டியதில்ல. 40 கஜத்துல அந்த 650 அம்பு 450 அம்பை விட ஒண்ணே கால் அடி கூடுதலா கீழ இறங்கும். தூரத்தை அளக்குற ரேஞ்ச்ஃபைண்டர் கையில இருந்து, சரியா அளந்திருந்தா பிரச்சனை இல்ல, கண்ணால குத்துமதிப்பா தூரம் சொல்றவங்களுக்கு அது பெரிய தப்பாயிடும். இன்னொரு பக்கம், ரொம்ப லேசா போறதும் ஆபத்து, வில்லோட இழுவிசை ஒவ்வொரு பவுண்டுக்கும் 5 கிரெய்னுக்குக் கீழ போகவே கூடாதுன்னு வில் கம்பெனிகள் சொல்லுது, 70 பவுண்டு வில்லுன்னா 350. அதுக்குக் கீழ போனா அம்பு வாங்கிக்காத எனர்ஜி வில்லுலயே தங்கி வில்லை உடைக்கும்.

முதல்ல நேரா பறக்கணும்

இதைத்தான் நான் மேல எழுதியிருக்கணும், ஏன்னா இது இல்லன்னா மத்ததெல்லாம் வீண்.

தென்னை ஈர்க்கு ஒண்ணு எடுத்து நுனியை சுவத்துல ஊணி அடியிலேர்ந்து தள்ளுங்க, வில்லா வளையும். நாண் அம்பைத் தள்ளும்போதும் அதேதான், அம்பு மீன் மாதிரி நெளிஞ்சுக்கிட்டேதான் கிளம்புது. கண்ணுக்குத் தெரியாது, ஸ்லோ மோஷன்ல பார்த்தா அசந்து போயிடுவீங்க. எவ்வளவு வளையும்ங்கிறதைச் சொல்ற அளவு ஸ்பைன், தமிழ்ல விறைப்புன்னு வெச்சுக்கலாம். 28 அங்குல இடைவெளியில அம்புத்தண்டைத் தாங்கி வெச்சு நடுவுல 880 கிராம் எடை தொங்கவிட்டா எத்தனை அங்குலம் தொய்யுதுன்னு பார்ப்பாங்க, 0.300 அங்குலம் தொய்ஞ்சா அது 300 ஸ்பைன். அதனால நம்பர் சின்னதா இருந்தா விறைப்பு அதிகம், நிறைய பேரு இதைத் தலைகீழா புரிஞ்சுக்கிறாங்க.

ஞாபகம் வெச்சுக்க வேண்டியது, முனையில எடை கூட்டினா தண்டு கூடுதலா வளையும், தண்டை வெட்டிக் குட்டையாக்கினா விறைப்பு கூடும். எடை கூட்டணும்னு ஆசைப்பட்டு கனமான முனையை வாங்கி பழைய 400 தண்டுலயே மாட்டினா அது நெளிஞ்சுக்கிட்டே போய் மிருகத்துல படும், பட்ட நிமிஷம் வாலு ஒரு பக்கம் ஆடும், தள்ள வேண்டிய சக்தியெல்லாம் பக்கவாட்டுல வீணாகும். சுவத்துல ஆணி அடிக்கும்போது சுத்தியல் கோணலா பட்டா ஆணி வளையுமே தவிர இறங்காது, அதே கதைதான். முனையை மாத்தினா தண்டையும் மாத்தணும், ரெண்டும் ஒரே செலவுன்னு நினைச்சுக்கங்க.

எடை எந்தப் பக்கம் இருக்கு

ஷட்டில்காக்கை எப்படிப் போட்டாலும் தக்கை மூக்கு முன்னாடி வந்துடும், இறகு பின்னாடி போயிடும். எடை முன்னாடி, காத்துப் பிடிக்கிறது பின்னாடி. அம்புக்கும் அந்தக் குணம் வேணும். அதை அளக்குறதுக்குப் பேரு எஃப்ஓசி, அம்போட நடுப்புள்ளியை விட சமநிலைப் புள்ளி எவ்வளவு முன்னாடி தள்ளியிருக்குங்கிறது. கணக்கு சுலபம், அம்பை விரல்ல வெச்சு சாயாம நிக்கிற இடத்தைக் குறிங்க. 28 அங்குல அம்பு, நாண் மாட்டுற குழியிலேர்ந்து அந்த இடம் 17.5 அங்குலம்னா, பாதி 14, மிச்சம் 3.5, அதை 28ஆல வகுத்தா பன்னிரண்டரை சதவீதம்.

கடையில ரெடியா கிடைக்கிற அம்புகள் பெரும்பாலும் 10லேர்ந்து 15க்குள்ள இருக்கும். ஆஷ்பி 19க்கு மேல போறதை தனி வகையா பிரிச்சு, உள்ள போற ஆழம் நல்லா கூடுதுன்னு சொன்னாரு. 30 வரைக்கும் தள்றவங்க உண்டு. என் அனுபவத்துல 15லேர்ந்து 20க்குள்ள இருந்தாலே அம்பு சீக்கிரமா நிமிர்ந்துடுது, அதுக்கு மேல போக எடையும் காசும் நிறைய கொட்ட வேண்டியிருக்கு.

சுருக்கமா: விறைப்பு சரியான தண்டு, எடை தேவைக்கு ஏத்த மாதிரி, அந்த எடையில கூடுதல் பங்கு முன்பக்கம். இது மூணும் சேர்ந்தாத்தான் முனை தன் வேலையைப் பார்க்க முடியும்.

பிராட்ஹெட்: அகலமான முனை

பயிற்சிக்கு மாட்டுற கூம்பு முனை ஓட்டை போடும், அறுக்காது. வேட்டைக்கு மாட்டுறது பிராட்ஹெட், அதாவது பிளேடு வெச்ச அகல முனை. கொலராடோ விதிப்படி குறைஞ்சது எட்டுல ஏழு பங்கு அங்குலம் அகலம் இருக்கணும், ரெண்டு ஸ்டீல் வெட்டு விளிம்பாவது இருக்கணும். விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும், சில இடத்துல பின்பக்கம் கொக்கி மாதிரி இருந்தா கூடாது, ஒவ்வொரு வருஷமும் புது விதிப் புத்தகத்தைப் பார்த்துடுங்க.

பெரிய பிரிவு ரெண்டு. பிளேடு அசையாம நிக்கிற ஃபிக்ஸட் ஒண்ணு, பறக்கும்போது மடங்கி இருந்து பட்டதும் குடை மாதிரி விரியுற மெக்கானிக்கல் இன்னொண்ணு. மெக்கானிக்கல்ல ரெண்டு அங்குல அகலத்துக்கு வெட்டு விழும், காத்துல பிளேடு வெளிய இல்லாததால பயிற்சி முனை மாதிரியே நேரா பறக்கும், அதனால எல்லாருக்கும் பிடிக்குது. ஆனா விரியுறதுக்கும் சக்தி வேணும், அவ்வளவு அகலமா அறுத்துக்கிட்டே போறதுக்கும் சக்தி வேணும், அது எல்லாம் அந்த 70 அடி-பவுண்டுலேர்ந்துதான் கழியும்.

என் முதல் எல்க் சீசன்ல என் அம்பு 380 கிரெய்ன், மெக்கானிக்கல் முனை. செப்டம்பர், ஆஸ்பென் மரத்து இலை மஞ்சளாக ஆரம்பிச்ச நேரம், 32 கஜத்துல கடா பக்கவாட்டுல நின்னுச்சு. நான் நாணை விட்ட நொடி அது ஒரு காலடி பின்னாடி எடுத்து வெச்சுச்சு, அம்பு நாலு விரக்கடை முன்னாடி தோள்பட்டை எலும்புல பட்டுச்சு. தண்டுல முக்கால்வாசி வெளிய தொங்க அது ஓடினது இன்னும் கண்ணுல நிக்குது. ரெண்டு நாள் தேடினேன். முதல் இருநூறு கஜம் சொட்டுச் சொட்டா ரத்தம், அப்புறம் ஒண்ணுமே இல்ல. உடைஞ்ச தண்டு மட்டும் ஒரு மரத்தடியில கிடைச்சுது, மிருகம் கிடைக்கல. தப்பு என் மேலதான். வேற அம்பா இருந்தா அந்த எலும்பைத் தாண்டியிருக்கும்னு அடிச்சு சொல்ல முடியாது, ஆனா தாண்டுறதுக்கு ஒரு வாய்ப்பாவது கொடுத்திருக்கலாம், அதை நான் கொடுக்கல.

மெக்கானிக்கல் கெட்டதுன்னு சொல்ல வரல. வெள்ளைவால் மான் மாதிரி சின்ன உடம்புக்கு, நல்ல வில்லோட, விலா எலும்புக்கு நடுவுல விட்டா அருமையா வேலை செய்யும். எல்க், மூஸ் (எல்க்கை விடப் பெரிய மான்), எருமைன்னு வந்துட்டா நான் ஃபிக்ஸட்தான்.

ஃபிக்ஸட்லயும் வடிவம் பார்க்கணும். லாரியில டிரம் ஏத்தும்போது பலகையைச் சாய்ச்சு வெச்சு உருட்டுவாங்க, பலகை நீளமா இருந்தா ரெண்டு பேரு போதும், குட்டையா செங்குத்தா இருந்தா நாலு பேரு வேணும். பிளேடும் சாய்ஞ்ச பலகைதான். ரெண்டு பிளேடு முனை ஒரு அங்குல அகலம், மூணு அங்குல நீளம்னா மூணுக்கு ஒண்ணு சரிவு, சுலபமா நுழையும். ஒண்ணேகால் அங்குல அகலம், ஒண்ணேகால் அங்குல நீளம்னா செங்குத்துப் பலகை. மூணு பிளேடு, நாலு பிளேடுன்னு கூடும்போது ஓட்டை பெருசாகும், தள்ற சுமையும் கூடும். உங்க வில் 45, 50 பவுண்டுதான்னா நீளமா ஒல்லியா ரெண்டு பிளேடு, இதுல யோசிக்கவே வேண்டாம்.

உளி மாதிரி ஒரு பக்கச் சரிவு

சமையல் கத்தியை ரெண்டு பக்கமும் தீட்டுவோம். ஆசாரியோட உளியைப் பாருங்க, ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் மட்டும் சரிவு. அதை மரத்துல நேரா அடிச்சாலும் உளி ஒரு பக்கமா ஒதுங்கும், சரிவை மரம் தள்றதால. அம்பு முனையில ரெண்டு விளிம்பையும் இந்த மாதிரி, ஒண்ணுக்கொண்ணு எதிர்ப்பக்கம் சரிவு வெச்சுத் தீட்டினா, ஒரு விளிம்பை இந்தப் பக்கம் தள்ளும், இன்னொண்ணை அந்தப் பக்கம் தள்ளும், மொத்தத்துல முனை திருகாணி மாதிரி சுத்தும். இதுக்குப் பேரு சிங்கிள் பெவல். எலும்புல பட்டா ஓட்டை போடுறதோட நிக்காம அந்தச் சுழற்சியால எலும்பை விரிசல் விட வைக்கும், பின்னாடி வர்ற தண்டுக்கு வழி கிடைக்கும். பின்னாடி ஒட்டுற இறகும் அதே திசையில சுத்துற மாதிரி இருக்கணும், வலது சரிவுக்கு வலது சுத்து இறகு. எதிர்எதிரா இருந்தா உள்ள நுழைஞ்சதும் சுழற்சி நின்னு திரும்பிச் சுத்த வேண்டியிருக்கும், அது வீண்.

உடையுற இடம்

மண்வெட்டிக் காம்பு எங்க உடையும்? நடுவுல உடைஞ்சு நான் பார்த்ததில்ல, இரும்பு மாட்டியிருக்குற இடத்துக்குப் பக்கத்துலதான். அம்பும் அப்படித்தான். முனையைத் திருகுறதுக்கு தண்டுக்குள்ள ஒட்டுற சின்ன உலோகத் துண்டு இன்சர்ட், அது முடியுற இடத்துக்குப் பின்னாடி, தண்டா இருக்குற கார்பன் குழாய் வாய் பிளக்கும். அம்போட வர்ற இன்சர்ட் பெரும்பாலும் அலுமினியம், எலும்புல கோணலா பட்டா வளைஞ்சுடும். வளைஞ்சா கதை முடிஞ்சுது, பின்னாடி இருக்குற எடையெல்லாம் வளைஞ்ச மூக்கைத் தள்ள முடியாது.

அதனால நான் பண்ற முதல் மாத்தம், அலுமினியத்தை எடுத்துட்டு ஸ்டீல் இன்சர்ட் போடுறது, அதுக்கு மேல தண்டுக்கு வெளியில ஒரு வளையம் போடுறது. உலக்கை நுனியில பூண் போடுவாங்கல்ல, மரம் பிளக்காம இருக்க, அதேதான். கடையில ரெடியா விக்குது, இல்லன்னா சரியான விட்டமுள்ள பழைய அலுமினிய அம்புலேர்ந்து ஒரு அங்குலம் வெட்டி எபாக்ஸி பசை வெச்சு ஒட்டினாலும் போதும். இதுல முன்பக்க எடையும் கூடிடுது, ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. ஒட்டுறதுக்கு முன்னாடி தண்டு நுனியை வட்டத்துக்குச் சரியா செங்கோணத்துல உப்புத்தாள்ல தேய்ங்க, உள்பக்கத்தை ஸ்பிரிட்ல துடைங்க, கார்பனுக்கு நேரடியா நெருப்பு காட்டாதீங்க, உள்ள இருக்குற பிசின் வெந்து தண்டு பலவீனமாயிடும்.

முனையோட நுனியும் அப்படித்தான். ஊசி மாதிரி இருக்குற நுனி எலும்புல பட்டா ஆணி முனை மாதிரி சுருண்டுடும். அரத்தால ரெண்டு தேய் தேய்ச்சு குட்டி உளி நுனி மாதிரி ஆக்கிட்டா சுருளாது. அரம்தான், கிரைண்டர் வேண்டாம். கிரைண்டர்ல வெச்சா அஞ்சு செகண்டுல விளிம்பு நீலமா மாறும், அப்படின்னா பதம் போயிடுச்சுன்னு அர்த்தம், அந்த பிளேடு இனிமே கூர்மையை வெச்சுக்காது. கிரைண்டர்தான் இருக்குன்னா தொட்டுத் தொட்டு எடுத்து தண்ணியில முக்கணும்.

கூர்மை

புதுசா டப்பாவுலேர்ந்து எடுத்த முனை கூர்மையா இருக்கும்னு நம்பிடாதீங்க. சிலது இருக்கும், நிறைய இருக்காது.

மொண்ணைக் கத்தியில பழுத்த தக்காளியை நறுக்கினா தோல் வழுக்கி உள்ள போகுமே, ரத்தக்குழாயும் அப்படித்தான், ரப்பர் குழாய் மாதிரி வழுக்கி ஒதுங்கிடும். கூர்மையா இருந்தா தொட்டதும் அறுபடும். இன்னொரு காரணமும் இருக்கு. சவரம் பண்ணும்போது புது பிளேடு பட்ட கீறல் வலிக்காது, ஆனா ரத்தம் நிக்காம வரும், கல்லுல விழுந்து கிழிஞ்ச காயம் சீக்கிரம் உறைஞ்சுடும். கிழிஞ்ச சதையிலேர்ந்து ரத்தத்தை உறைய வைக்கிற பொருள் அதிகமா வெளிவருது, சுத்தமா அறுபட்ட இடத்துல கம்மியா வருது. மிருகம் சீக்கிரம் மயங்கணும், வலி தெரியக் கூடாதுன்னா, வழவழன்னு தீட்டின விளிம்புதான் வேணும், பல்லு பல்லா அரம் போட்ட விளிம்பு இல்ல.

நான் தீட்டுற விதம் இது. சாப்பாட்டு மேஜையில பழைய செய்தித்தாள் விரிச்சு, தீட்டுக்கல்லை ஈரத்துணி மேல வெச்சுடுவேன், நகராம இருக்க. முனையோட சரிவு பூரா கறுப்பு மார்க்கர்ல பூசிடுவேன். ரெண்டே ரெண்டு தேய் தேய்ச்சுட்டு வெளிச்சத்துல பார்ப்பேன், விளிம்புகிட்ட மட்டும் மை போயிருந்தா கோணம் செங்குத்தா இருக்கு, முதுகுப்பக்கம் மட்டும் போயிருந்தா ரொம்பப் படுக்க வெச்சிருக்கேன், ஒரே சீரா போயிருந்தா அந்தக் கோணத்தைக் கை மறக்குறதுக்குள்ள தொடர்ந்து தேய்க்கணும். கொஞ்ச நேரத்துல எதிர்ப்பக்கம் விரலால மெதுவா வெளிப்பக்கமா வருடினா நகத்துல சொரசொரன்னு ஒரு பிசிறு தட்டும். அந்தப் பிசிறு விளிம்பு முழுக்க, அடியிலேர்ந்து நுனி வரைக்கும் வந்தாத்தான் அந்தக் கல்லு வேலை முடிஞ்சுது. அப்புறம் நைஸ் கல்லு, கடைசியா தோல் வார், முன்னாடி சலூன்ல சவரக்கத்தியைத் தீட்டுவாங்களே அதேதான், பழைய பெல்ட்டு போதும். முதுகு முன்னாடி போற மாதிரி இழுக்கணும், விளிம்பு முன்னாடி போனா பெல்ட்டை வெட்டிடும்.

சோதனைக்கு கையில மயிரை மழிச்சுப் பார்ப்பாங்க பல பேரு. நான் ரப்பர் பேண்டை ரெண்டு ஆணிக்கு நடுவுல லேசா இழுத்துக் கட்டி அது மேல விளிம்பைச் சும்மா சாய்ப்பேன். அழுத்தாம அறுந்தா சரி. வழுக்கினா திரும்பக் கல்லுக்கு. முனையைத் திருகும்போதும் கழட்டும்போதும் அதுக்குன்னு இருக்குற சாவியைப் பயன்படுத்துங்க, வெறும் விரல் வேண்டாம். அம்பை எப்பவும் முனை மூடுற அம்பறாத்தூணியில வைங்க.

மாட்டிப் பறக்க விடுறது

முன்னாடி பிளேடு வந்தா அம்புக்கு முன்பக்கமும் ஒரு இறக்கை முளைச்ச மாதிரி, வில் கொஞ்சம் கோணலா தள்ளினாலும் அது அந்தப் பக்கமே இழுத்துட்டுப் போகும். பயிற்சி முனையில மறைஞ்சிருந்த தப்பெல்லாம் இப்பத்தான் வெளிய வரும். முதல்ல அம்பை நிறுத்தி, நுனியை கட்டைவிரல் நகத்து மேலயோ உருளை ஸ்டாண்டுலயோ வெச்சு பம்பரம் மாதிரி சுத்துங்க. நுனி ஒரே புள்ளியில நின்னா சரி, தள்ளாடினா இன்சர்ட்டோ முனையோ கோணல், அதை வெச்சு வேட்டைக்குப் போகாதீங்க.

அப்புறம் 30 கஜத்துல பயிற்சி முனை மூணு, வேட்டை முனை மூணு, ஒரே இலக்குல விடுங்க. வேட்டை முனைகள் மட்டும் வலப்பக்கம் கூட்டமா விழுந்தா, குறி பார்க்குற சைட்டைத் தொடாதீங்க, அம்பு உக்காருற ரெஸ்ட்டை ஒரு மயிரிழை இடப்பக்கம் நகர்த்திட்டு திரும்ப விடுங்க. அப்படியே ரெண்டு கூட்டமும் ஒண்ணா சேர்ற வரைக்கும். சேரவே மாட்டேங்குதுன்னா பெரும்பாலும் தண்டோட விறைப்புதான் தப்பு, மேல சொன்ன இடத்துக்குத் திரும்பிப் போங்க. ஒவ்வொரு முறை விடுறதுக்கு முன்னாடியும் கார்பன் தண்டை லேசா வளைச்சு காதுகிட்ட வெச்சுக் கேளுங்க, நெறுக்குனு சத்தம் வந்தா உடைச்சுக் குப்பையில போடுங்க. விரிசல் விட்ட கார்பன் நாணை விட்டதும் சிதறி வில் பிடிச்ச கையில ஏறும்.

யாருக்கு எது

வெள்ளைவால் மானுக்கு 400லேர்ந்து 475 கிரெய்ன், நல்லா பறக்குற எந்தக் கூர்மையான முனையும் போதும். எல்க்குக்கு 475லேர்ந்து 600, ஃபிக்ஸட் முனை, ஸ்டீல் இன்சர்ட். காட்டெருமை மாதிரி வந்தா 650க்கு மேல, நீளமான சிங்கிள் பெவல், அங்க பேரம் இல்ல. இவை என் கணக்கு, வேற அனுபவஸ்தர் அம்பது கிரெய்ன் கூட்டியோ குறைச்சோ சொல்லலாம். எந்த அம்பா இருந்தாலும் முன்னங்காலுக்குப் பின்னாடி, உடம்போட கீழ் மூணுல ஒரு பங்கு உயரத்துல, மிருகம் பக்கவாட்டுலயோ லேசா நம்மை விட்டுத் திரும்பியோ நிக்கும்போது மட்டும் விடுங்க.

இப்போ என் அம்பு 250 ஸ்பைன் தண்டு, 28.5 அங்குலம், முன்னாடி வளையத்தோட 75 கிரெய்ன் ஸ்டீல் இன்சர்ட், 150 கிரெய்ன் ரெண்டு பிளேடு சிங்கிள் பெவல், மொத்தம் 545, எஃப்ஓசி 18க்குக் கொஞ்சம் மேல, வேகம் 248 அடி. தம்பி அதைக் கேட்டதும் "அவ்வளவு மெதுவாவா அண்ணா?"ன்னான். அவனோட அம்பை வாங்கி நகத்து மேல வெச்சு சுத்தினேன், நுனி குட்டி வட்டம் போட்டுச்சு. மிச்ச அஞ்சையும் சுத்திப் பார்த்தோம், முதல் அம்போட சேர்த்து ரெண்டு தேறல. அந்த ரெண்டுலயும் மார்க்கர்ல ஒரு கோடு போட்டு பயிற்சிக்குன்னு ஒதுக்கி வெச்சுட்டு, தேறின நாலுக்கும் நுனி தேய்க்க உப்புத்தாள் எடுத்தோம்.